பி.எஃப். பணம் வந்ததும் எங்கே வைப்பது? ஓய்வுபெறும் தனியார் ஊழியருக்கு ஆறு வழிகள்

தனியார் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு 58 வயதில் இரண்டு விஷயங்கள் அடுத்தடுத்து நடக்கின்றன. முப்பது வருடமாக மாதாமாதம் வந்த சம்பளம் நிற்கிறது. அதுவரை கண்ணால் பார்த்திராத ஒரு பெரிய தொகை வங்கிக் கணக்கில் ஏறுகிறது. சம்பளம் நின்ற பதற்றம் அடங்குவதற்குள், அந்தத் தொகையை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. சுற்றிலும் யோசனை சொல்ல ஆள் இருக்கும்: வங்கி மேனேஜர், மச்சான், இன்சூரன்ஸ் ஏஜென்ட், ரியல் எஸ்டேட் நண்பர். ஆளுக்கு ஒரு பக்கம் இழுப்பார்கள்.

பென்ஷன்தான் இருக்கிறதே என்று நினைப்பவர்கள் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. இ.பி.எஸ். பென்ஷன் (பி.எஃப்.போடு சேர்ந்த ஊழியர் ஓய்வூதியத் திட்டம்) என்பது பென்ஷனுக்குரிய சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்தால் வருவது. அந்தச் சம்பளத்துக்கு 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாய் உச்சவரம்பு. அதற்கு முந்தைய வருடங்களுக்கு 6,500. நீங்கள் கடைசியில் 60,000 வாங்கியிருந்தாலும் இதுதான் கணக்கு. முப்பது வருடம் உழைத்தவருக்கும் பெரும்பாலும் 4,000, 5,000 ரூபாய் அளவில்தான் வருகிறது. இந்த வரம்புக்கு மேல் வாங்கிய சம்பளத்தையும் வைத்துக் கணக்கிடும் உயர் பென்ஷனுக்கு விருப்பம் கொடுத்து, அது ஏற்கப்பட்டவர்களின் கதை வேறு. மற்ற எல்லோருக்கும் மீதி வாழ்க்கையை ஓட்டப்போவது அந்த மொத்தத் தொகைதான்.

பேச வசதியாக ஒரு உதாரணத்தை வைத்துக்கொள்வோம். 30 வருடச் சேவை. கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 40,000. கிராஜுவிட்டிக்கு, அதாவது கம்பெனி தரும் பணிக்கொடைக்கு, 40,000ஐ 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, 30ஆல் பெருக்கினால் 6.92 லட்சம். பி.எஃப்.பில் 38 லட்சம். ஆக, ஏறத்தாழ 45 லட்சம். சொந்த வீடு இருக்கிறது, கடன் இல்லை. வீட்டுச் செலவு மாதம் 32,000.

எதை வைத்து எடை போடுவது

வட்டி எவ்வளவு என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அதை நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ கேட்டால் போதும்.

முதல் கேள்வி, இந்தப் பணம் சம்பளம் மாதிரி வருமா என்பது. வீட்டு வாடகை, பால், கேஸ், மருந்து எல்லாம் மாதக் கணக்கில் பழகியவை. ஐந்து வருடம் கழித்து மொத்தமாக வரும் பணம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வரும் மாதத்து மளிகைக்கு உதவாது.

இரண்டாவது, நமக்குப் பிறகு வீட்டம்மா இதைத் தனியாக நடத்த முடியுமா என்பது. பல வீடுகளில் மனைவி சில வருடம் இளையவர். கணவர் போன பிறகு பத்து வருடமாவது அவர் இந்தப் பணத்தை நம்பி வாழ வேண்டியிருக்கலாம். இ.பி.எஸ்.ஸில் அவருக்குக் கிடைப்பது கணவரின் பென்ஷனில் பாதி.

மூன்றாவது, அவசரத்துக்கு எடுக்க முடியுமா? கூடவே அதன் மறுபக்கமும் உண்டு: யாராவது கேட்டால் சட்டென்று எடுத்துக் கொடுத்துவிட முடியுமா? சேமிப்புக் கணக்கில் கிடக்கும் 45 லட்சத்தை வைத்துக்கொண்டு சொந்தக்காரரிடம் "இல்லை" என்று சொல்ல நம்மில் பலரால் முடியாது. ஐந்து வருடத்துக்குப் பூட்டிய பணம் என்றால் சொல்லிவிடலாம்.

விலைவாசிக்கு ஈடு கொடுக்குமா என்பது நாலாவது. விலை வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால் இன்றைய 32,000 ரூபாய்ச் செலவு 12 வருடத்தில் 64,000 ஆகிவிடும்.

ஐந்தாவதாக, ராத்திரி தூக்கம் வருமா? இதை நான் வேடிக்கைக்குச் சேர்க்கவில்லை. முதல் தொகையைத் தொடக்கூடாது என்ற எண்ணம் நம் ஆட்களிடம் அவ்வளவு ஆழமாக இருக்கிறது. கணக்கில் நாற்பது லட்சத்தை வைத்துக்கொண்டு கண்புரை ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பணம் இல்லாமல் அல்ல. "முதல்ல கை வெச்சா கரைஞ்சிடும்" என்ற பயம். வருமானமாக வந்தால் அதே மனிதர் தயங்காமல் செலவு செய்வார். ஆகவே பணம் எந்த வடிவத்தில் கைக்கு வருகிறது என்பதும் ஒரு கணக்குதான்.

1. பி.எஃப்.பிலேயே விட்டுவைப்பது

ஓய்வு பெற்ற மறுநாளே எடுத்துவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 58 வயதில் ஓய்வு பெற்று, பணம் கேட்டு விண்ணப்பிக்காமல் விட்டால் மூன்று வருடம் வரை வட்டி சேரும். 2023-24, 2024-25 இரண்டு ஆண்டுகளுக்கும் 8.25 சதவீதம் கொடுத்தார்கள். இந்த அளவு பாதுகாப்போடு இந்த வட்டி வேறு எங்கும் சுலபமாகக் கிடைக்காது.

மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. வேலையை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு வரி உண்டு. பலர் அதுவும் வரியில்லாதது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாத வருமானமும் வராது.

அதனால் இது யாருக்குப் பொருந்தும் என்றால், 58க்குப் பிறகும் இரண்டு வருடம் வேலை இருக்கிறவருக்கு. அதே கம்பெனியில் ஒப்பந்த அடிப்படையில் நீட்டிப்பு, தெரிந்த சின்ன யூனிட்டில் கணக்கு வழக்கு, அரை நாள் மேற்பார்வை, எதுவானாலும் சரி. நம் உதாரணத்தில் 38 லட்சம் இதே வட்டியில் இரண்டு வருடத்தில் 44.5 லட்சம் ஆகும். இ.பி.எஸ். பென்ஷனையும் 60 வரை தள்ளிவைத்தால் வருடத்துக்கு 4 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும்.

பணத்தைவிடப் பெரிய ஆதாயம் இன்னொன்று. காலை ஏழரை பஸ்ஸுக்கு ஓடியே பழகியவருக்கு ஒரே நாளில் எல்லாம் நிற்பது கடினம். முதல் மாதம் விடுமுறை மாதிரி இருக்கும். அப்புறம் யாரும் போன் செய்யவில்லையே என்று தோன்றும். இரண்டு வருடம் அரைச் சம்பளத்துக்கு அரை நாள் வேலை என்பது அந்த இறக்கத்தைச் சாய்வாக்கிவிடுகிறது. உடம்பு ஒத்துழைத்தால், வேலை அவமானப்படுத்தாததாக இருந்தால், எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். நேற்றுவரை உங்களுக்குக் கீழே இருந்தவரிடம் இன்று லீவு கேட்டு நிற்பது உங்களை உறுத்தும் என்றால் அதே கம்பெனி வேண்டாம், வேறு இடம் பாருங்கள்.

2. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம்

தபால் ஆபீஸிலும் பல வங்கிகளிலும் போடலாம். ஒருவருக்கு உச்சவரம்பு 30 லட்சம். 2023 ஏப்ரலில் வட்டியை 8.2 சதவீதம் ஆக்கினார்கள். 2025 முழுக்க அதே அளவில் இருந்தது. அரசு காலாண்டுக்கு ஒருமுறை மாற்றலாம் என்றாலும், நீங்கள் போட்ட அன்றைக்கு இருந்த விகிதம் ஐந்து வருடத்துக்கும் மாறாது. 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய், அதாவது மாதம் 20,500.

60 வயது ஆக வேண்டுமே என்று 58இல் ஓய்வு பெறுகிறவர்கள் ஒதுங்கிப் போகிறார்கள். தேவையில்லை. 55 முதல் 60 வயதுக்குள் ஓய்வு பெற்றவர்கள், ஓய்வுப் பலன் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போடலாம். வந்த பலனுக்கு மேல் போட முடியாது. கம்பெனியிடமிருந்து ஓய்வு பெற்றதற்கும் பலன் தொகைக்கும் சான்றிதழ் வேண்டும். இந்தக் காகிதத்தைக் கடைசி வேலை நாளுக்கு முன்பே ஹெச்.ஆரிடம் கேட்டு வைத்துவிடுங்கள். வெளியே வந்தபின் வாங்குவது அலைச்சல்.

இன்னொரு யோசனை. முப்பது லட்சத்தையும் ஒரே கணக்கில் போடாதீர்கள். ஐந்து லட்சமாக ஆறு கணக்கு தொடங்கலாம். ஒரு ஆபரேஷனுக்கு நாலு லட்சம் தேவைப்பட்டால் ஒரு கணக்கை மட்டும் மூடினால் போதும். முன்கூட்டி மூடினால் பிடித்தம் உண்டு: ஒரு வருடத்துக்குள் என்றால் வட்டி முழுவதும் திரும்பப் பிடிப்பார்கள், இரண்டு வருடத்துக்குள் போட்ட தொகையில் 1.5 சதவீதம், அதற்குப் பிறகு 1 சதவீதம்.

குறை என்ன? ஐந்து வருடம் கழித்துப் புதுப்பிக்கும்போது வட்டி குறைந்திருக்கலாம். 2020இல் இதே திட்டம் 7.4 சதவீதத்துக்கு இறங்கியது. அந்த விகிதத்தில் 30 லட்சத்துக்கு மாதம் 18,500தான். விலைவாசி ஏறினாலும் வட்டித் தொகை ஏறாது. மாதாமாதம் வராமல் காலாண்டுக்கு ஒருமுறை வருவதும் சிலருக்குச் சிரமம். அதற்கு வழி இருக்கிறது: வட்டி ஒரு கணக்கில் விழட்டும், அங்கிருந்து வீட்டுச் செலவுக் கணக்குக்கு ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி 20,000 ரூபாய் தானாக மாறும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள். பழையபடி ஒன்றாம் தேதி போனில் மெசேஜ் வரும். அது கொடுக்கும் தெம்பு பெரியது.

மனைவியோடு கூட்டுக் கணக்காகத் தொடங்கலாம். கணவர் இறந்தாலும் மனைவி அந்தக் கணக்கைத் தொடரலாம். என் கணக்கில் எல்லா அளவுகோலிலும் முன்னே நிற்பது இதுதான். விலைவாசியில் மட்டும் தோற்கிறது.

3. தபால் ஆபீஸ் மாத வருமானத் திட்டமும் வங்கி எஃப்.டி.யும்

மாத வருமானத் திட்டத்துக்கு வட்டி 7.4 சதவீதம். தனியாக 9 லட்சம், கூட்டுக் கணக்கில் 15 லட்சம் வரை. 9 லட்சத்துக்கு மாதம் 5,550 வரும். வயது வரம்பு கிடையாது என்பதால் 60 ஆகாதவருக்கும் ஓய்வுச் சான்றிதழ் கிடைக்காதவருக்கும் கைகொடுக்கும். முதல் வருடம் எடுக்க முடியாது. மூன்று வருடத்துக்குள் 2 சதவீதமும் அதற்குப் பின் 1 சதவீதமும் பிடிப்பார்கள்.

எஃப்.டி.யின் பலம் நினைத்தபோது உடைக்கலாம் என்பது. பலவீனமும் அதுவேதான். ஒரு வங்கியில் முதலும் வட்டியும் சேர்த்து ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு. அரை சதவீதம் அதிகம் கிடைக்கிறதென்று சின்னக் கூட்டுறவு வங்கியில் மொத்தத்தையும் போடுவது வேண்டாம். அவசரத் தேவைக்கு மூன்று, நாலு லட்சம் மட்டும் எஃப்.டி.யில் இருந்தால் போதும்.

எஃப்.டி. போடப் போகும்போது ஒரு விஷயத்தில் கவனம். "எஃப்.டி. மாதிரிதான் சார், அஞ்சு வருஷம் கட்டினா போதும்" என்று ஒரு படிவத்தை நீட்டுவார்கள். வருடா வருடம் கட்டச் சொன்னால் அது இன்சூரன்ஸ். தெரியாமல் கையெழுத்துப் போட்டிருந்தாலும், பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

4. அன்யூட்டி, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனி தரும் ஆயுள் பென்ஷன்

ஒரு தொகையைக் கட்டிவிட்டால் சாகும்வரை மாதாமாதம் நிலையான பென்ஷன். மனைவிக்கும் தொடரும், இருவருக்கும் பிறகு போட்ட முதல் தொகை பிள்ளைகளுக்குப் போகும் என்ற வகையைத்தான் நம் ஊரில் எல்லோரும் விரும்புகிறார்கள். அந்த வகையில் 60 வயதை ஒட்டியவருக்குக் கிடைப்பது 6, 7 சதவீதத்துக்குள்தான். முதல் திரும்ப வேண்டாம் என்றால் அதிகம் கிடைக்கும்.

போட்ட பணம் போட்டதுதான், வெளியே எடுப்பது கடினம். விலைவாசிக்குத் துளியும் ஈடு கொடுக்காது. ஆனால் ஒரு நல்ல குணம் இருக்கிறது: வட்டி நாட்டில் எவ்வளவு இறங்கினாலும் இந்தத் தொகை இறங்காது, புதுப்பிக்க யாரும் கவுன்டரில் நிற்க வேண்டாம். எழுத்து வேலையே ஆகாத மனைவி, வெளிநாட்டில் பிள்ளைகள், பணத்தைக் கேட்டு நெருக்கும் சொந்தங்கள் என்ற வீட்டுக்கு வட்டி குறைந்தாலும் இது சரி. 58இல் வாங்குவதைவிட 65, 70இல் வாங்கினால் விகிதம் கூடும், ஆகவே அவசரப்பட வேண்டாம்.

5. மியூச்சுவல் ஃபண்டிலிருந்து மாதாமாதம் எடுப்பது

விலைவாசியைத் தாண்டி வளரக்கூடிய வாய்ப்பு இந்தப் பட்டியலில் இதற்குத்தான் அதிகம். மாதம் இவ்வளவு என்று எழுதிக் கொடுத்தால் கணக்கில் வந்துவிடும். பங்குச் சந்தை சார்ந்த ஃபண்டுகளில் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தால் ஆண்டுக்கு 1.25 லட்சம் லாபம் வரை வரி இல்லை. மேலே போனால் 12.5 சதவீதம்.

ஆபத்து ஆரம்ப வருடங்களில் இருக்கிறது. 10 லட்சம் போட்டு மாதம் 8,000 எடுக்கிறீர்கள் என்று வைப்போம். முதல் வருடத்திலேயே சந்தை சரிந்து அது 6 லட்சம் ஆனால், வருடத்துக்கு எடுக்கும் 96,000 என்பது மிச்சப் பணத்தில் 16 சதவீதம். சந்தை பிறகு ஏறினாலும் விற்றுவிட்ட யூனிட் திரும்பி வராது. இது கற்பனைக் கணக்கு அல்ல. 2008இல் சென்செக்ஸ் உச்சத்திலிருந்து பாதிக்கும் கீழே போனது, 2020 மார்ச்சில் சில வாரங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. வேலையில் இருக்கும்போது விழுந்தால் அடுத்த சம்பளம் இருக்கிறது. ஓய்வில் அது இல்லை.

ஆகவே மாதச் செலவுக்கு இதை நம்பாதீர்கள். பத்து வருடம் தொடத் தேவையில்லாத ஒரு பங்கை மட்டும் இங்கே வளரவிடுங்கள். முன்பே முதலீடு செய்து ஏற்ற இறக்கம் பார்த்துப் பழகியவர் கொஞ்சம் கூடுதலாக வைக்கலாம். 58 வயதில் முதன்முதலாக உள்ளே வருகிறவர் சின்னத் தொகையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

6. வாடகைக்கு ஒரு வீடு

நம் ஊர் மனசுக்கு மிகப் பிடித்தது இதுதான், கணக்கில் மிகவும் தோற்பதும் இதுவே. பழைய ஃபிளாட் ஒன்றை 40 லட்சத்துக்கு வாங்கினால் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், அதாவது 3.6 லட்சம் முதல் நாளே போய்விடும். வாடகை 10,000, 12,000 என்று வந்தால் அதில் சொத்து வரி, பெயின்ட், மோட்டார் ரிப்பேர், காலியாகக் கிடக்கும் மாதங்கள் எல்லாம் கழிய வேண்டும். அதைவிடக் குறைந்த பணத்துக்கு சேமிப்புத் திட்டத்தில் 20,500 வருகிறது. அவசரமென்றால் வீட்டில் ஒரு அறையை மட்டும் விற்க முடியாது. எழுபத்தைந்து வயதில் வாடகைக்காரரோடு மல்லுக்கட்டுவது மனைவிக்கும் சுமை.

ஒரே ஒரு சூழ்நிலையில் இதை ஆதரிப்பேன்: சொந்த வீடு இருந்து, கட்டடம் தாங்கும் என்றால், மாடியில் ஒரு போர்ஷன் எடுப்பது. நிலத்துக்குச் செலவில்லை, வாடகை விலைவாசியோடு ஏறும், மேலே ஒரு குடும்பம் இருப்பதே வயதானவர்களுக்குத் துணை.

ஒரே பார்வையில்

| வழி | சம்பளம் போல் வருமா | மனைவி தனியாக நடத்த | அவசரத்துக்கு எடுக்க | விலைவாசிக்கு ஈடு |
|---|---|---|---|---|
| பி.எஃப்.பில் விடுவது | வராது | அவர் பெயருக்கு மாற்றி எடுக்க வேண்டும் | விண்ணப்பித்து எடுக்கலாம் | ஓரளவு, 3 வருடம்தான் |
| மூத்த குடிமக்கள் திட்டம் | காலாண்டுக்கு | சுலபம் | பிடித்தத்தோடு | இல்லை |
| மாத வருமானத் திட்டம் | மாதாமாதம் | சுலபம் | பிடித்தத்தோடு | இல்லை |
| வங்கி எஃப்.டி. | விரும்பினால் | சுலபம் | உடனே | இல்லை |
| அன்யூட்டி | ஆயுள் முழுக்க | மிகச் சுலபம் | கடினம் | இல்லை |
| மியூச்சுவல் ஃபண்டு | எழுதிக் கொடுத்தால் | பழக்கம் வேண்டும் | சில நாளில் | வாய்ப்பு அதிகம் |
| வாடகை வீடு | ஆள் இருந்தால் | கடினம் | முடியாது | உண்டு |

45 லட்சத்தை நான் எப்படிப் பிரிப்பேன்

உடனே வருமானம் தேவை என்றால்: மூத்த குடிமக்கள் திட்டத்தில் 30 லட்சம், மாத வருமானத் திட்டத்தில் 9 லட்சம், எஃப்.டி.யில் 3, மியூச்சுவல் ஃபண்டில் 3. மாதம் 20,500, 5,550, பென்ஷன் ஒரு 4,500 என்று 30,550 கைக்கு வரும். 32,000 செலவுக்கு ஏறக்குறைய சரி. மற்ற வருமானம் இல்லாவிட்டால் இந்த அளவு வட்டிக்குப் புதிய வரி முறையில் வரி வராது, டி.டி.எஸ். (வட்டி தரும்போதே பிடிக்கும் வரி) பிடிக்காமல் இருக்க வேண்டிய படிவத்தை மட்டும் வருடா வருடம் கொடுத்துவிட வேண்டும்.

ஆனால் இந்தப் பிரிப்பில் வளர்ச்சிக்கு வெறும் 3 லட்சம். எழுபது வயதில் இது இடிக்கும். இரண்டு வருட வேலை நீட்டிப்பை நான் இவ்வளவு வலியுறுத்துவது இதனால்தான். 60இல் கையில் 51 லட்சத்துக்கு மேல் இருந்தால், வருமானத்துக்கு 39 லட்சத்தை ஒதுக்கியபிறகும் வளர்ச்சிக்கு எட்டு, ஒன்பது லட்சம் வைக்கலாம். அதற்குள் 60 தாண்டிவிடுவதால் ஓய்வுச் சான்றிதழ் தேவையும் இல்லை.

இந்தக் கணக்கைக் கவிழ்ப்பது பெரும்பாலும் மருத்துவமனை பில். கம்பெனி கொடுத்த குரூப் இன்சூரன்ஸ் வேலையோடு முடிந்துவிடும். புதிய பாலிசியில் ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வேண்டியிருக்கலாம். அதனால் 55இலேயே சொந்தப் பாலிசி எடுத்துவிடுங்கள். இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசு காப்பீடு) இருந்து, குறைந்தது ஐந்து வருடம் பங்களிப்புச் செலுத்தி ஓய்வு பெற்றவர்கள் வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் துணைக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவம் தொடரும். ஆலைத் தொழிலாளர்கள் நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை. 70 வயது ஆனதும் வருமான வரம்பு பார்க்காமல் ஆயுஷ்மான் பாரத்தில் 5 லட்சம் வரை மருத்துவக் காப்பு உண்டு.

இன்னொன்று, பிள்ளைகளிடம் பேசுவது. பையனின் ஃபிளாட்டுக்கு முன்பணம், பெண்ணின் கல்யாணம் என்று எதற்காவது கொடுப்பதாக இருந்தால், எவ்வளவு என்பதை ஓய்வுக்கு ஒரு வருடம் முன்பே கணவனும் மனைவியும் உட்கார்ந்து முடிவு செய்து, பிள்ளைகளிடம் தொகையைச் சொல்லிவிடுங்கள். கொடுப்பதைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் மேலே சொன்ன கணக்கைப் போட வேண்டும். பணம் வந்தபிறகு பேச ஆரம்பித்தால் அது பேரமாகவும் மனத்தாங்கலாகவும் முடிகிறது.

கடைசி ஆறு மாதத்தில் செய்ய வேண்டியவை: யூ.ஏ.என்.னிலும் (உங்கள் பி.எஃப். எண்) ஆதாரிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் பணம் நிற்கும். பழைய கம்பெனிகளின் பி.எஃப். கணக்குகளை ஒன்றாக்குங்கள். பென்ஷனுக்கு 10டி படிவம் தனியாகக் கொடுக்க வேண்டும், பி.எஃப். எடுத்தால் தானாக வராது. பென்ஷன் தொடங்கியபின் வருடம் ஒருமுறை ஆயுள் சான்றிதழ். சேமிப்புக் கணக்குகளைத் தொடங்கப் போகும்போது மனைவியையும் கூட்டிப் போங்கள். முதல் காலாண்டு வட்டி ஏறியதா என்று பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்து வருவது அவர் வேலையாக இருக்கட்டும்.